மாறும் சமூகத்தில் அந்நியமாதல் உணர்வும் மனித ஆளுமையும்

தனித்திருத்தல் வேறு, அந்நியப்பட்டிருத்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே இவ்விடயத்தில் பல தவறான முடிவுகள் ஏற்படுகின்றன. வயற்காவலுக்காகக் கொட்டிலில் தனியே இரவைக் கழிக்கும் கமக்காரர் தனித்திருக்கிறார்; ஆனால் அவர் அந்நியப்பட்டவர் அல்லர். அந்த வயல் யாருடையது, அவர் ஏன் அங்கே படுத்திருக்கிறார், விடிந்ததும் எந்த ஒழுங்கையால் வீடு திரும்புவார் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். மறுபுறத்தில், உறவினர் நூறுபேர் கூடியிருக்கும் கலியாண வீட்டுப் பந்தலில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒருவர், அங்கு பேசப்படும் பேச்சும் உடுக்கப்படும் உடுப்பும் பரிமாறப்படும் உணவும் தமக்கு எவ்வகையிலும் உரியன அல்ல என்று உள்ளூர உணர்வாராயின், அவரே அந்நியப்பட்டவர். தாம் வாழும் உலகு தம்முடையதன்று, அவ்வுலகில் தாம் செய்பவையும் தம்முடைய செயல்களல்ல என்னும் இவ்வுணர்வையே மெய்யியலாளரும் சமூகவியலாளரும் அந்நியமாதல் என்னும் சொல்லாற் குறிப்பிடுகின்றனர்.

இவ்வுணர்வு எக்காலத்திலும் சிலரிடம் இருந்திருக்கவே செய்யும். ஆயினும் தொழில், குடியிருப்பு, குடும்ப அமைப்பு ஆகிய மூன்றும் ஒரே தலைமுறைக்குள் மாறிவிடுகின்ற சமூகங்களில் இது சிலரது துயரமாக இராது பலரது பொது நிலையாகி விடுகின்றது. அப்போது ஓர் ஒழுக்கவியல் வினாவும் உடன் எழுகின்றது. சூழ உள்ளவை யாவும் மாறும்போது ஒரு மனிதன் எவ்வளவுக்கு மாறலாம்? மாறாதிருப்பது உறுதியா, பிடிவாதமா? மாறிவிடுவது விவேகமா, தன்னைத் தொலைத்தலா? இவ்வினாவுக்கு விடை காண முற்பட்டோர் பலர். அவர்களுள் இருவரது கருத்துக்களை முதலிற் சுருக்கமாக நோக்கலாம்.

கார்ல் மாக்ஸ் தமது இருபத்தாறாவது வயதில், 1844 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் இருந்தபோது எழுதிவைத்த குறிப்புக்களில், கூலிக்கு உழைக்கும் தொழிலாளி தான் செய்த பொருளிலிருந்தும், செய்யும் தொழிலிலிருந்தும், மனிதன் என்னும் தன் இயல்பிலிருந்தும், இறுதியாகச் சக மனிதரிலிருந்தும் அந்நியமாகின்றான் என விளக்கினார். அக்குறிப்புக்கள் அவர் இறந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழிந்து 1932 இலேயே முழுமையாக அச்சேறின. பிரான்சு நாட்டுச் சமூகவியலாளரான எமில் டேர்க்கைம் வேறொரு பக்கத்தால் இவ்விடயத்தை அணுகினார். தற்கொலை பற்றி 1897 இல் அவர் வெளியிட்ட நூல், பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் மட்டுமன்றித் திடீர்ச் செழிப்பு ஏற்படும் காலத்திலும் மனிதர் நிலைகுலைகின்றனர் என எடுத்துக்காட்டியது. வறுமை மனிதனை வருத்தும் என்பது எவருக்கும் தெரிந்ததே. சடுதியாக வரும் பணமும் வருத்தும் என்பதே டேர்க்கைம் சொன்ன புதிய செய்தி. எது போதும், எது மிகை, எது தகும், எது தகாது என்று கூறிவந்த பொது நெறி தளர்ந்துவிடும்போது ஆசைக்கு எல்லை இல்லாது போகின்றது. இந்நெறியற்ற நிலையே மனிதனைத் தளம்ப வைக்கின்றது என்பது அவரது கருத்து.

இருவரது கருத்தும் பெறுமதியுடையவையே. எனினும் இரண்டிலும் ஒரு குறை தென்படுகின்றது. ஒரே தொழிற்சாலையில் வேலை செய்யும், ஒரே ஊரிலிருந்து பெயர்ந்த இருவரில் ஒருவர் உடைந்துபோக மற்றவர் நிமிர்ந்து நிற்பது ஏன்? புயல் எல்லா மரங்களையும் ஒன்றுபோலச் சாய்ப்பதில்லை. சமூகத்தைப் பற்றிக் கூறுவது மட்டும் இதற்கு விடையாகாது. ஆளுமை பற்றியும் கூறவேண்டியுள்ளது. சமூக மாற்றத்தையும் ஆளுமையையும் ஒருசேர வைத்து ஆராய்ந்த பெருமுயற்சியாக இன்றளவும் கருதப்படுவது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாழ்ந்த போலந்து நாட்டுக் குடியானவர் பற்றி வில்லியம் தோமஸ், புளோரியன் ஸ்னானியெக்கி என்னும் இருவர் இணைந்து எழுதி 1918 முதல் 1920 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த நூலாகும். தோமஸ் சிக்காகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஸ்னானியெக்கி போலந்து நாட்டு மெய்யியலாளர். வார்சோ நகரில், வெளிநாடு செல்லும் குடியானவர்களின் நலன் பேணும் நிறுவனமொன்றில் பணியாற்றியவர். மெய்யியல் கற்ற ஒருவர் பயணப்பெட்டியும் கையுமாக நின்ற ஏழைக் குடியானவர் முன் நாள்தோறும் அமர்ந்திருந்தமையால் விளைந்த நன்மை என்றே இந்நூலைச் சொல்லலாம்.

அக்காலத்தில் போலந்து என்றொரு நாடு உலகப் படத்தில் இருக்கவில்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஒஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகளும் அதனைத் தமக்குள் பங்கிட்டிருந்தன. ரஷ்ய ஆட்சிக்குட்பட்ட பகுதியில் குடியானவர்கள் பண்ணையடிமை நிலையிலிருந்து விடுபட்டது 1864 இலேயே. விடுதலையோடு நிலமும் கிடைத்தது. ஆனால் தந்தையின் காணி பிள்ளைகளுக்கிடையே துண்டு துண்டாகப் பிரிய, இரண்டு தலைமுறையில் ஒரு குடும்பத்தைத் தாங்க அது போதாதாயிற்று. முதலில் அறுவடைக் காலக் கூலிகளாக ஜேர்மனிக்குச் சென்றனர். பின்னர் கப்பலேறி அமெரிக்கா சென்றனர். முதலாம் உலகப் போருக்கு முந்திய சில தசாப்தங்களில் இவ்வாறு சென்றோர் தொகை இருபது இலட்சமளவில் இருக்கும் எனக் கணிப்பர். நாலு வருடம் உழைத்துக் காணி வாங்கிக்கொண்டு திரும்புவதே பெரும்பாலானோரின் எண்ணமாக இருந்தது. சிலர் திரும்பினர். பலர் திரும்பவில்லை.

அக்குடியானவர் விட்டுச்சென்ற உலகு எத்தகையது என்பதை விளக்க இவ்வாசிரியர்கள் அம்மக்களின் வழக்கிலிருந்தே ஒரு சொல்லை எடுத்தாண்டனர். ஒக்கொலிற்சா என்பது அச்சொல். ஒருவரது ஊரும் அதன் சுற்றுப்புறமும் சேர்ந்த வட்டகையை இது குறிக்கும். இவ்வட்டகையின் எல்லை மைல் கணக்கில் அளக்கப்படுவதில்லை. ஒரு மனிதனைப் பற்றிய பேச்சு எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவு தூரமே அவனது ஒக்கொலிற்சா. இந்த வரையறையின் ஆழம் கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்கு உடனே விளங்கும். மனிதன் தன்னை அறிவது தன்னைப் பற்றி மற்றையோர் பேசும் பேச்சினூடாகவே. இன்னாரின் மகன், இன்ன காணிக்காரன், சொன்ன சொல் தவறாதவன், கடன் வாங்கினால் திருப்பித் தராதவன் என்று ஊர் வாய் சொல்வதே அவனது ஆளுமையின் பெரும்பகுதி. ஊர்வாய் கொடியது என்பதும் உண்மை. அதே ஊர்வாய்தான் ஒருவரைத் தாங்கியும் நிற்கின்றது.

சிக்காகோவின் இறைச்சிக் களங்களிலும் உருக்காலைகளிலும் வேலைக்குச் சேர்ந்த குடியானவரைப் பற்றிப் பேச எவரும் இருக்கவில்லை. அவர் நல்லவராக நடந்தாலும் பேச்சில்லை, கெட்டவராக நடந்தாலும் பேச்சில்லை. முதல் சில மாதங்கள் இது பெரிய விடுதலையாகவே தோன்றும். தந்தையின் கண்டிப்பும் அயலாரின் கண்ணும் இல்லாத வாழ்வு எவருக்குத்தான் இனிக்காது? அதன் பின்னர் வருவதே வெறுமை. தான் என்று இதுவரை எண்ணியிருந்தது தன்னுள் மட்டும் இருந்த ஒன்றல்ல, ஊரிலே வைக்கப்பட்டிருந்த ஒன்று என்பது அப்போதுதான் தெரியவரும். அந்நியமாதலின் உண்மையான தொடக்கம் இவ்விடமே.

இவ்வெறுமையை ஈடுசெய்ய அவர்கள் கடிதம் எழுதினர். அந்நூலின் ஆதாரமாக அமைந்தவை நூற்றுக்கணக்கான அக்கடிதங்களே. எழுத்து வாசனை குறைந்த, சிலவேளை பிறரைக் கொண்டு எழுதுவித்த கடிதங்கள் அவை. அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. தொடக்கத்தில் இறைவனுக்கு வணக்கம். அடுத்து எழுதுபவர் நலமாக இருக்கிறார் என்ற செய்தியும் மற்றையோர் நலமாக இருக்கவேண்டும் என்ற விருப்பமும். முடிவில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரது பெயரையும் முறைப்படி சொல்லித் தனித்தனி வணக்கம். இடையிலுள்ள செய்தி இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடும். சிலவற்றில் அதுவும் இல்லை. ஆசிரியர்கள் இவற்றை வணக்கக் கடிதங்கள் என அழைத்தனர். இலங்கையில் வான்கடித உறையை ஓரம் கிழியாமற் பிரித்து, வீட்டார் அனைவரும் கூடியிருக்க ஒருவர் உரக்கப் படித்த காலத்தை அறிந்தவர்களுக்கு இவ்வமைப்பைப் பற்றி மேலதிக விளக்கம் தேவையில்லை. செய்தி சொல்வது அக்கடிதங்களின் முதல் நோக்கமன்று. எழுதியவர் இன்னும் அக்குடும்பத்தவரே என்பதை உறுதிசெய்வதே நோக்கம். ஒரு பெயர் விடுபட்டால் மனவருத்தம் ஏற்பட்டதும் அதனாலேயே.

ஆண்டுகள் செல்லச் செல்லக் கடிதங்களின் சுருதி மாறுகின்றது. பணம் அனுப்பும்படி ஊரிலிருந்து கேட்கின்றனர். அனுப்பியது போதாது என்கின்றனர். அங்கிருப்பவர் தமது வேலை போன கதையை எழுதுகின்றார், ஊரார் நம்புவதில்லை. வணக்கங்கள் சுருங்கிப் பணக்கணக்கு நீள்கின்றது. இரு தரப்பாரிலும் எவரும் கெட்டவரல்லர். ஆனாலும் ஒருவர் வாழ்வை மற்றவர் கற்பனை செய்ய முடியாத நிலை வந்துவிட்டது. சென்றவர் மட்டும் அந்நியமாவதில்லை, இருந்தவரும் அந்நியமாகின்றார் என்பதை இக்கடிதக் கட்டுகளைப்போல வேறெதுவும் காட்டுவதில்லை.

சமூகம் குலைவது பற்றித் தோமசும் ஸ்னானியெக்கியும் கூறும் கருத்து நுணுக்கமானது. பழைய நெறிகளுக்குத் தனிமனிதர் மீதிருந்த செல்வாக்குக் குறைவதையே அவர்கள் சமூகக் குலைவு என்றனர். ஆனால் சமூகம் குலையும் இடமெல்லாம் மனிதரும் குலைவர் என்பதை அவர்கள் ஏற்கவில்லை. நெறி தளர்ந்த காலத்திலே சிறந்த ஆளுமைகள் தோன்றுவதும், இறுக்கமான நெறி நிலவும் ஊரிலே உள்ளம் சிதைந்தவர்கள் இருப்பதும் உண்டு. சிக்காகோ நகரிலே 1867 இல் போலந்து மக்கள் நிறுவிய புனித ஸ்தனிஸ்லாஸ் கொஸ்த்கா பங்கு போன்றவை இவ்விடயத்தில் கவனத்துக்குரியன. அத்தகைய பங்குகள் வழிபாட்டிடமாக மட்டும் இருக்கவில்லை. பாடசாலை, மரண உதவிச் சங்கம், நாடகம், பாட்டு, கூட்டம், சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேயே நடந்தன. விட்டுவந்த ஊர் வேறு உருவில் அங்கு மீண்டும் எழுந்தது. அதாவது ஒருவரைப் பற்றிப் பேசுவதற்கு மீண்டும் ஆட்கள் கிடைத்தனர். இலங்கைத் தமிழர் குடியேறிய நாடுகளில் நடந்ததும் இதுவே. ஜேர்மனியின் ஹம் நகரில் 2002 இல் கும்பாபிஷேகம் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர்த்திருவிழாவுக்குப் பல்லாயிரம் பேர் கூடுவதற்குப் பக்தி மட்டும் காரணமென்று கூறுவது முழு உண்மையாகாது. ஊரில் ஒன்றாகப் படித்தவரை அங்கே காணலாம் என்பதும் ஒரு காரணமே. அதனை எவரும் குறைவாக எண்ணவேண்டியதில்லை.

இனி ஆளுமைக்கு வரலாம். வேகமாக மாறும் சூழலில் மனிதர் மூன்று வகையாக அமைவதை இந்நூல் எடுத்துரைக்கின்றது. ஆசிரியர்கள் இவற்றுக்கிட்ட பெயர்கள் ஐரோப்பிய இலக்கிய வழக்கைச் சார்ந்தவை. தமிழில் இறுகியவர், இளகியவர், ஆக்குபவர் எனக் கொள்ளலாம்.

இறுகியவர் என்பவர் இளமையில் கற்ற சில மனப்பாங்குகளை நிரந்தரமாகக் கொண்டுவிட்டவர். புதியன எவையும் அவருள் நுழைவதில்லை. சூழல் மாறாதிருக்கும்வரை இவரே ஊரின் தூண். நேரத்துக்கு எழுவார், முறைப்படி செய்வார், சொன்னபடி நடப்பார். சூழல் மெல்ல மாறினால் முணுமுணுத்துக்கொண்டு சமாளிப்பார். ஆனால் சடுதியாக மாறினால் இவர் வளைவதில்லை, முறிகின்றார். இளகியவரோ இதற்கு எதிர். எந்த மனப்பாங்கும் அவரிடம் நிலைத்திராது. இன்று இந்த நண்பர், நாளை அந்தத் தொழில், அடுத்த ஆண்டு வேறொரு கொள்கை. எச்சூழலுக்கும் உடனே பொருந்திவிடுவார். இவரைப் பார்ப்போர் இவருக்கு அந்நிய உணர்வே இல்லை என எண்ணுவர். உண்மையில் எங்கும் பொருந்துபவருக்கு எங்கும் வீடில்லை. இறுகியவர் உலகத்திலிருந்து அந்நியமாகின்றார். இளகியவர் தம்மிடமிருந்தே அந்நியமாகின்றார்.

மூன்றாமவராகிய ஆக்குபவர் இவ்விருவருக்கும் நடுவே நிற்பவர் அல்லர். பாதி இறுக்கமும் பாதி இளக்கமும் கலந்தால் ஆக்குபவர் கிடைத்துவிடமாட்டார். அவருக்கு உறுதியான அமைப்பு உண்டு. அவ்வமைப்புக்குள்ளேயே வளர்ச்சிக்கான இடமும் உண்டு. அவருக்கென்று ஒரு நோக்கம் இருக்கும்; அந்நோக்கத்துக்காகவே அவர் மாறுவார், அந்நோக்கத்துக்காகவே சிலவற்றில் மாறாதிருப்பார். ஆசிரியர்கள் கூறும் இவ்விளக்கத்திலே முன்னர் எழுப்பிய வினாவுக்கு விடையின் ஒரு பகுதி கிடைக்கின்றது. எவ்வளவு மாறலாம் என்று கேட்பது தவறான கேள்வி. எதற்காக மாறுவது என்று கேட்பதே பொருத்தமானது. தறியில் நெய்த குடும்பத்திற் பிறந்தவர் தறி விற்றுத் தையல் இயந்திரம் வாங்கினால், அவர் தொழிலை விட்டவரா, தொழிலைத் தொடர்பவரா என்பது அவரது நோக்கத்தை அறிந்தவருக்கே தெரியும்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். மூன்றாமவரைப் புகழ்வது எளிது. ஆனால் ஆக்குபவராக அமைய ஒருவருக்கு ஓய்வு வேண்டும், கல்வி வேண்டும், பிழைவிட இடம் வேண்டும். பன்னிரண்டு மணிநேரம் இறைச்சி வெட்டியவரிடம் போய் நோக்கம் என்ன என்று கேட்பது கொடுமையல்லவா? இத்தடை நியாயமானதே. ஆளுமையைத் தனிமனிதரின் மனவுறுதிக்கு மட்டும் உரிய விடயமாக்குவோர், உடைந்தவர்களைப் பார்த்து உடைந்தது உன் குற்றமே என்று கூறி நகர்ந்துவிடுகின்றனர். தோமசும் ஸ்னானியெக்கியும் இதை உணர்ந்திருந்தனர். மனிதரைக் கட்டளையிட்டும் தடைவிதித்தும் திருத்தலாம் என எண்ணுவது மந்திரத்தால் மழையை வரவழைக்க முனைவதைப் போன்றது என்ற பொருள்பட அவர்கள் தமது நூலின் முன்னுரையில் வாதிட்டனர். மனப்பாங்கைக் கட்டளையாற் படைக்க முடியாது. முன்பே உள்ள ஒரு மனப்பாங்கிலிருந்து, ஏற்ற சூழலின் துணையுடன், இன்னொரு மனப்பாங்கு முளைக்க வேண்டும். போனைத் தூக்கி எறி, தலைமயிரை வெட்டு, கோயிலுக்கு வா என்று பிள்ளைகளை ஏவும் பெற்றோரும், பழசை எல்லாம் விடுங்கோ என்று பெற்றோரை ஏவும் பிள்ளைகளும் ஒரே தவறையே இருபக்கமும் நின்று செய்கின்றனர்.

பழைய ஊர் பற்றிய ஏக்கத்தையும் ஒருதரம் நிறுத்திச் சோதிக்க வேண்டியிருக்கின்றது. மாற்றம் வருமுன் எல்லோரும் ஒன்றாக இருந்தோம், மாற்றம் வந்த பின்னரே அந்நியமானோம் என்னும் கூற்று எல்லோருக்கும் உண்மையன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் சாதியின் பெயரால் ஆலய வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தப் பழைய ஊரே அந்நிய நிலமாக இருந்தது. ஊர்வாய் அவர்களைப் பற்றியும் பேசிற்று. ஆனால் அப்பேச்சு அவர்களைத் தாங்கும் பேச்சாக இருக்கவில்லை. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் நிறைவேறியது. அதன் பின்னரும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசம் கோரி அறவழியில் அமர்ந்திருக்க வேண்டிய நிலை இருந்தது. அங்கு இருந்தவர்களுக்கு மாற்றம் என்பது வீடு இடிந்து விழுவதாகத் தோன்றியிராது. கதவு திறப்பதாகவே தோன்றியிருக்கும். ஆகவே சமூக மாற்றத்தால் வரும் அந்நியமாதலைப் பற்றிப் பேசுபவர், மாற்றம் இன்மையால் வந்த அந்நியமாதலையும் கூடவே பேசுவது கடமையாகும். இதனை மறந்த ஏக்கம் வெறும் சுயநலமாகவே முடியும்.

இலங்கைத் தமிழரின் மாற்றம் மெல்ல வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே யாழ்ப்பாணத்தவர் மலாயாவுக்கு எழுதுவினைஞர்களாகவும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தர்களாகவும் சென்றனர். காசுக்கட்டளையை நம்பிய வீடுகள் அன்றே இருந்தன. ஆனால் அது மாதம் ஒருமுறை தபாற்காரர் வரும் வேகத்தில் நடந்த மாற்றம். 1983 ஜூலைக்குப் பின்னர் நடந்தது வேறு. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசலை விட்டு எழுந்தனர். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதுமே ஓர் இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தது. 2009 இல் வன்னியில் நேர்ந்ததைச் சொல்வதற்குச் சொல் போதாது. பின்பு 2022 இன் பொருளாதார நெருக்கடி, போரைக் காணாத பிள்ளைகளையும் கடவுச்சீட்டு வரிசையில் நிறுத்தியது. போலந்துக் குடியானவருக்கு இரண்டு தலைமுறையில் நேர்ந்தது இங்கு ஒரு மனிதரின் ஆயுளுக்குள் நாலுமுறை நேர்ந்திருக்கின்றது.

இதன் விளைவை எந்த ஊரிலும் காணலாம். பிள்ளைகள் மூன்று நாடுகளில் இருக்க, மாபிள் பதித்த பெரிய வீட்டில் ஒரு முதியவர் முன் விறாந்தையில் மட்டும் சீவிக்கின்றார். வீட்டின் மற்றைய அறைகள் அவருடையவை அல்ல. அவை வராத பேரப்பிள்ளைகளுடையவை. கைத்தொலைபேசித் திரையில் பேத்தி தெரிகின்றாள். என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறார். அவள் தாயைத் திரும்பிப் பார்க்கிறாள். இது இறுகியவரின் துயரம். இன்னொருவர் இருபது வருடங்களின் பின் ஊருக்கு வந்திருக்கிறார். வந்த முதல் வாரம் எல்லாம் அழகாக இருக்கின்றது. அடுத்த வாரம் ஒழுங்கையில் எதிர்ப்படும் இளைஞர்கள் ஆர் இவர் என்று தங்களுக்குள் கேட்பது காதில் விழுகின்றது. அவர் திரும்பிவந்த ஊர் அவர் விட்டுச்சென்ற ஊரல்ல. அந்நாட்டில் அவர் அந்நியர், இந்நாட்டில் விருந்தாளி. மூன்றாமவராக ஓர் இளைஞர் இருக்கிறார். ஊரிலேயே பிறந்து ஊரிலேயே வளர்ந்தவர், ஓரிடமும் போகாதவர். ஆனால் அவரது மனம் ஒவ்வொரு நாளும் வெளிநாடு போய்வருகின்றது. தோட்டம் செய்யலாம், தொழில் பழகலாம். எதைத் தொடங்கினாலும் போகப்போகிறவன்தானே என்று பாதியில் விடுகிறார். கிராமத்தார் மிக எளிதாகப் பழிக்கும் மனிதர் இவரே. ஆனால் தான் இருக்குமிடத்தை இருக்குமிடமாக எண்ணமுடியாதபடி அவரை ஆக்கியதில் ஊருக்கும் பங்குண்டு. சிறு வயதிலிருந்து அவர் முன் பெருமையாகப் பேசப்பட்டவர்கள் எல்லோரும் போனவர்களே. இருந்து உழைத்தவரைப் பற்றி எவரும் பேசவில்லை. பேச்சு எட்டும் தூரமே ஊர் என்றால், இந்த இளைஞருக்கு ஊர் ஒன்று இருந்ததா என்பதே கேள்வி.

அந்நியமாதல் யாருடைய குற்றம் என்ற வினா இவ்விடத்திற் பொருள் மாறுகின்றது. அதைக் குற்றமாக எண்ணும்வரை, அதை உணர்பவர் வெளியே சொல்லமாட்டார். முதியவர் பிள்ளைகளிடம் எனக்கொரு குறையுமில்லை என்பார். திரும்பி வந்தவர் நல்ல வசதியாக இருக்கிறேன் என்பார். இளைஞர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுவார். மூவரும் ஒரே திருவிழாவில் ஒரே வீதியில் நின்றாலும் மூவருக்கும் ஒரே நோய் என்பது மூவருக்கும் தெரியாது.

தோமசும் ஸ்னானியெக்கியும் தமது நூலின் மூன்றாம் பாகம் முழுவதையும் ஒரு மனிதனுக்கே ஒதுக்கினர். விளாதெக் என்பது அவன் பெயர். போறணையில் பாண் சுடும் தொழிலாளி. வேலை தேடிப் போலந்திலும் ஜேர்மனியிலும் ஊர் ஊராக அலைந்து, இறுதியிற் சிக்காகோ வந்து சேர்ந்தவன். பணம் தருவதாகக் கூறி அவனது வாழ்க்கை வரலாற்றை அவனைக் கொண்டே எழுதுவித்தனர். சிறுவயதில் நடந்தது முதல் எஜமானர்களோடு பட்ட பாடு, குடும்பத்தாரோடு ஏற்பட்ட பிணக்கு, செய்த பிழைகள் எல்லாவற்றையும் அவன் எழுதினான். சமூகவியலில் ஒரு சாதாரண மனிதனின் சுயவரலாறு இவ்வளவு விரிவாக ஆராயப்பட்டது அதற்கு முன் அரிது. ஆயினும் ஆசிரியர்கள் இறுதியில் அவனைத் தாமாக எதையும் ஆக்காத பெருந்திரளின் ஒரு மாதிரியாகவே மதிப்பிட்டனர். இம்மதிப்பீடு ஏற்கத்தக்கதன்று. காசுக்காகத் தொடங்கினாலும், சிதறிக் கிடந்த தன் நாட்களை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி இதுதான் நான் என்று ஒருவன் நூற்றுக்கணக்கான பக்கங்களை எழுதினான் எனில், அவன் எதையும் ஆக்காதவன் என்று எப்படிக் கூறுவது? கேட்க ஆள் இருந்தபோது அவன் பேசினான். அதற்கு முன்னர் எவரும் அவனைக் கேட்கவில்லை என்பதே உண்மை. இன்னொன்றும் சொல்லவேண்டும். அக்குடியானவர்களை ஆராய்ந்த ஸ்னானியெக்கியும், 1939 இல் போர் மூண்டதனால் தாய்நாடு திரும்ப முடியாதவராகி, அமெரிக்காவிலேயே கற்பித்து 1958 இல் அங்கேயே காலமானார்.

வணக்கக் கடிதங்கள் இன்று எழுதப்படுவதில்லை. வான்கடித உறையும் மறைந்து போயிற்று. ஆனால் ஆலய மலர்களின் இறுதிப் பக்கங்களில் உபயகாரர் பெயர்கள் இன்றும் வரிசையாக அச்சாகின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கனடா, சுவிஸ், பிரான்சு, லண்டன் என்று ஓரிடம். இடையிடையே இவ்வூர் என்றும் ஒரு சொல். மலர் கைக்கு வந்ததும் கட்டுரைகளைத் தள்ளிவிட்டுப் பலரும் முதலிற் புரட்டுவது இப்பக்கங்களையே. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை மேலிருந்து கீழாக மெல்ல இறக்கி, ஒரு பெயரில் வந்து நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, இது எங்கட கிழக்கு வளவுப் பெடியன் எல்லோ என்று கேட்பார்கள். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து, ஓம், தகப்பனைப் போலத்தான் கையெழுத்தும் எனத் தொடங்குவார். அதன் பிறகு பேச்சு நெடுநேரம் செல்லும்.